கிசுகிசுப்பு கடந்த தூரம்

தொண்டையில் குரல்நாண்கள் அதிர்ந்தால்தான் அது குரல். கிசுகிசுக்கும்போது அவை அதிர்வதில்லை. வெறும் மூச்சு இடுக்கில் உரசிக்கொண்டு மேலே வருகிறது; நாக்கும் உதடும் அந்த மூச்சைச் சொற்களாக நறுக்குகின்றன. சுருதி இல்லாத பேச்சு என்று சொல்லலாம். பழகியவர் குரலைக்கூடக் கிசுகிசுப்பில் அடையாளம் கண்டுகொள்ளச் சற்றுத் திணற வேண்டியிருக்கும்.

தமிழில் இந்தச் சொல்லுக்கு ஒரு கெட்ட காலம் வந்தது. பத்திரிகைகளின் சினிமாப் பக்கங்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. 'கிசுகிசு' என்றாலே எந்த நடிகருக்கும் எந்த நடிகைக்கும் என்றுதான் காதைத் தீட்டிக்கொள்கிறோம். நான் சொல்லவரும் கிசுகிசுப்பு அந்த வகையல்ல. அது ஒரு சிறைக்குள் பிறந்தது. நாளுக்கு நாள் மெலிந்தது. சிறையைவிட்டு வெளியே வந்தபோது அது ஓர் எண்ணாக மாறியிருந்தது. பிறகு இருட்டறையில் ஒலித்தது, திரைப்படத்தில் நுழைந்தது, பரிசும் வாங்கியது. மூச்சுக்காற்றுக்கு வாழ்க்கை வரலாறு எழுதமுடியுமா என்றால், இதற்கு எழுதலாம்.

பிறந்த ஊர் சைத்னாயா. சிரியாவின் தலைநகர் டமாஸ்கஸுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி, மலைப்பாங்கான இடம். அங்கே கன்னி மரியாளின் பழம்பெரும் மடம் ஒன்று உண்டு. கிறிஸ்தவர்கள் மட்டுமின்றி முஸ்லிம்களும் வேண்டிக்கொண்டு போவார்கள். நம் வேளாங்கண்ணி மாதிரி. ஊர்ப்பெயரைச் சொன்னதும் அந்த மடம் நினைவுக்கு வந்த காலமும் இருந்தது. 1980களில் ஊருக்கு வெளியே ராணுவச் சிறை ஒன்றைக் கட்டினார்கள். அதன் முதன்மைக் கட்டடம் மேலிருந்து பார்த்தால் மூன்று இறக்கை வைத்த மின்விசிறி போலிருக்கும். நடுக் குமிழில் படிக்கட்டு, அங்கிருந்து மூன்று கைகளாகப் பிரியும் நடைவழிகள், வழிநெடுக அறைகள்.

உள்ளே இரண்டு விதிகள். பார்க்கக்கூடாது, பேசக்கூடாது. வண்டியிலிருந்து இறங்கும்போதே கண்ணைக் கட்டிவிடுவார்கள். அறைக்குள் காவலர் வரும் ஓசை கேட்டால் சுவரைப் பார்த்து மண்டியிட்டுக் கைகளால் கண்ணைப் பொத்திக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்களை முதலில் நிலவறையில் அடைப்பார்கள். ஒருவருக்கென்று கட்டிய இடத்தில் பலர், அதுவும் இருட்டில். கண்ணுக்கு வேலையே இல்லாத அந்த இடத்தில் காது எல்லா வேலையையும் எடுத்துக்கொண்டது. நடையை வைத்து இன்ன காவலர் என்று தெரியும். பாத்திரம் உரசும் ஓசையை வைத்துச் சாப்பாட்டு நேரம் தெரியும். அலறல் கேட்டால் புதிதாக ஆட்கள் வந்திருக்கிறார்கள். அலறல் நின்றுவிட்டால், வந்தவர்களுக்கும் சைத்னாயா பழகிவிட்டது. உயிர் தப்பி வந்த ஒருவர் பின்னாளில் தந்த சாட்சியத்தின் சாரம் இது.

காது கூர்மையானது வரமாக அமையவில்லை. காங்கிரீட் சுவர், இரும்புக் கதவு, தண்ணீர்க் குழாய், காற்றுத் துளை எல்லாம் ஓசையைக் கடத்தின. கட்டடத்தின் ஒரு கையில் விழுகிற அடி இன்னொரு கையிலும் கேட்கும். அடிபடாதவனும் அடியைக் கேட்டே ஆகவேண்டும். நடைவழியில் பூட்ஸ் ஓசை நெருங்குகிறது. எந்தக் கதவுக்கு முன்னால் நிற்கும்? நம் கதவைக் கடந்துவிட்டால் நிம்மதி. அந்த நிம்மதிக்கு அடுத்த நொடியே அடுத்த அறைக்காரனை நினைத்து வெட்கம். கையாலாகாத்தனம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்லுக்கு அங்கே இவ்வளவு ஓசைகள் இருந்தன. சிரியச் சிறைகளில் அடிப்பதற்குப் பயன்பட்ட பச்சை பிளாஸ்டிக் குழாய்க்குப் பட்டப்பெயர்கூட உண்டு: லக்தர் பிராஹிமி. அரபியில் 'அக்தர்' என்றால் பச்சை. லக்தர் பிராஹிமி என்பவர் 2012 முதல் 2014 வரை சிரியாவில் சமாதானம் கொண்டுவர ஐ.நா. அனுப்பிய தூதர். யாருக்கு முதலில் இந்தச் சிலேடை தோன்றியதோ, நகைச்சுவை உணர்வு மிகுந்தவராக இருந்திருக்கவேண்டும்.

இத்தனைக்கும் நடுவில்தான் ஒருவன் பக்கத்தில் இருப்பவனின் காதருகே வாயைக் கொண்டுபோகிறான். பெயர் கேட்கிறானோ, ஊர் கேட்கிறானோ. அந்தச் சொல் பக்கத்துக் காது வரை போகவேண்டும். கதவு வரை போய்விடக்கூடாது. 'பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே' என்பது நம் பழமொழி. பகலிலாவது பக்கம் பார்க்கமுடியும் என்கிற நம்பிக்கை அதில் இருக்கிறது. சைத்னாயாவில் பகலும் கிடையாது, பக்கம் பார்ப்பதும் கிடையாது. கதவுக்கு அப்பால் காவலர் காலணியைக் கழற்றிவிட்டு நின்றால்? ஓசை எழாததாலேயே அங்கே யாரும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரில் உயரமான சுண்ணாம்புக்கல் குகை ஒன்று இருக்கிறது. 'டயோனிசியஸின் காது' என்று அதற்குப் பெயர். ஓவியர் காரவாஜியோ 1608இல் வைத்ததாகச் சொல்வார்கள். கொடுங்கோலன் டயோனிசியஸ் அங்கே கைதிகளை அடைத்து, அவர்கள் குசுகுசுப்பதை மேலே ஒரு துளை வழியாக ஒட்டுக்கேட்டான் என்பது கதை. குகை கிசுகிசுப்பைப் பெருக்கிக் கொடுத்துவிடுமாம். கதை மெய்யோ பொய்யோ, அதிகாரத்துக்கும் கிசுகிசுப்புக்கும் உள்ள பகை பழையது என்று தெரிகிறது.

2011 மார்ச்சில் சிரியாவில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். சைத்னாயாவில் அதுவரை இருந்த பலரை வெளியே அனுப்பிவிட்டு, போராட்டக்காரர்களைக் கொண்டுவந்து நிரப்பியது அதிபர் அசாத்தின் அரசு. விதிகள் பழையவைதாம், தண்டனை மாறிவிட்டது. முன்பு பேசி மாட்டிக்கொண்டால் அடி. இப்போது உயிரே போகலாம். கிசுகிசுப்பு சுருங்கத் தொடங்கியது. எந்த நாளில், எந்த அறையில் என்றெல்லாம் யாரும் குறித்துவைக்கவில்லை. எவனோ ஒருவன் மாட்டியிருப்பான். மற்றவர்கள் குரலை ஒரு படி இறக்கியிருப்பார்கள். பிறகு இன்னொரு படி.

அந்தக் கிசுகிசுப்பு சிறையிலிருந்து வெளியே வந்தது சிலருடைய நினைவில். விடுதலையானவர்கள் மிகக் குறைவு. அவர்களில் பலர் துருக்கிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பத்திரிகையாளர்களோ மனித உரிமைக் கண்காணிப்பாளர்களோ அப்போது சைத்னாயாவுக்குள் நுழைய வழி இருக்கவில்லை. உள்ளே எடுத்த ஒளிப்படமும் இருக்கவில்லை. வெளியே வந்தவர்களோ உள்ளே எதையும் கண்ணால் கண்டதில்லை. கண்ணால் கண்ட சாட்சி கேட்கும் உலகத்திடம் காதால் கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2016 ஏப்ரலில் இஸ்தான்புல்லில் அவர்களில் ஐந்து பேரைச் சந்திக்கச் சிலர் வந்தார்கள். அனுப்பியது மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல். வந்தவர்கள் ஃபொரென்சிக் ஆர்கிடெக்சர் என்ற ஆய்வுக்குழுவினர்; லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் எயல் வைஸ்மன் என்ற கட்டடக் கலைஞர் 2010இல் தொடங்கிய குழு. இடிந்த சுவரையும் குண்டு துளைத்த கூரையையும் சாட்சியாக விசாரிப்பது அவர்கள் தொழில். அவர்களோடு வந்திருந்தார் லாரன்ஸ் அபு ஹம்தான். 1985இல் ஜோர்டானின் அம்மான் நகரில் பிறந்தவர், இசையிலிருந்து கலைக்கு வந்தவர். துப்பறிவாளரை ஆங்கிலத்தில் 'பிரைவேட் ஐ' என்பார்கள். இவர் தன்னை 'பிரைவேட் இயர்' என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். காதால் துப்பறிகிறவர்.

விசாரணை நடந்த விதம் சுவையானது. ஒரு பக்கம் கணினித்திரையில் சிறையின் மாதிரி வளர்கிறது. சாட்சி சொல்லச் சொல்லக் கதவை இங்கே வை, அந்தத் துவாரத்தை இன்னும் கீழே இறக்கு என்று கட்டிக்கொண்டே போகிறார்கள். ஒரு பொருளை வைத்ததும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இன்னொரு பக்கம் அபு ஹம்தான் ஓசைகளை ஒலிக்கவிடுகிறார். சாமான் ஏற்றாத புது வீட்டில் நின்று பேசிப்பார்த்தவர்களுக்கு இந்த முறை உடனே புரிந்துவிடும். சுவர் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதற்கேற்ப எதிரொலியின் வால் நீளும். ஒரே கதவோசைக்குச் சின்ன அறையின் எதிரொலியையும், நீண்ட நடைவழியின் எதிரொலியையும், மாடிப்படியின் எதிரொலியையும் மாற்றி மாற்றிச் சேர்த்து, 'இதுவா, இதுவா?' என்று கேட்டார். 'இதுதான்' என்று சாட்சி கைகாட்டிய எதிரொலியிலிருந்து அந்த இடத்தின் அளவைக் கணித்தார்கள். பார்க்காத கட்டடத்துக்குக் காதாலேயே வரைபடம் போட்டாயிற்று.

கிசுகிசுப்புக்கும் இதே மாதிரி ஒரு சோதனை. எவ்வளவு மெல்லப் பேசினால் காவலருக்கு எட்டாது? அந்த அளவை அவர்கள் நினைவிலிருந்து மீட்டு, ஒலியளவோடு பொருத்திக் காட்டவேண்டும். 2011க்கு முன்னால் அங்கே இருந்தவர்களின் அளவையும் பிறகு இருந்தவர்களின் அளவையும் ஒப்பிட்டபோது இடையில் ஒரு பள்ளம் தெரிந்தது. 19 டெசிபல்.

டெசிபல் கொஞ்சம் வஞ்சகமான அலகு. தொலைபேசிக்காரர் கிரகாம் பெல்லின் பெயரால் வந்தது. காய்கறி நிறுப்பதுபோல நேராக ஏறாமல் பெருக்கலாக ஏறும். சாதாரணப் பேச்சு 60, கிசுகிசுப்பு 30 என்பது தோராயக் கணக்கு. 10 டெசிபல் குறைந்தால் நம் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல இருக்கும். 19 குறைந்தால் கால் பங்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஒலியின் ஆற்றலைக் கணக்கிட்டால் எண்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். எனக்கு இந்தப் பங்குக் கணக்குகளில் எதுவும் மனத்தில் ஒட்டவில்லை. தூரமாக மாற்றிப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. எதிரொலி இல்லாத திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும். அப்படியானால் 19 டெசிபல் என்பது ஏறத்தாழ ஒன்பது மடங்கு தூரம். முன்பு ஒன்பதடி தள்ளி இருந்தவனுக்கு எட்டிய சொல், இப்போது ஓரடிக்குள் இருப்பவனுக்குத்தான் எட்டும். ஒன்பதடி வட்டத்துக்குள் ஓர் அறையே அடங்கும். நாலு பேர் உட்கார்ந்து பேசலாம். ஓரடிக்குள் ஓர் ஆள்தான். கூட்டமாக இருந்த கைதிகளைச் சுவர் எழுப்பாமலே தனித்தனியாகப் பிரித்துப்போட்டது அந்தப் பத்தொன்பது.

அளந்து எடுத்த எண் அல்லவே இது, நினைவிலிருந்து தோண்டி எடுத்ததுதானே என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். சிறையறையில் யாரும் டெசிபல் மானி வைத்திருக்கவில்லை. பயம் ஒலியைப் பெரிதாக்கிக் காட்டும், பசியும் காட்டும். சாட்சிகளோ ஒரு கைவிரலில் எண்ணக்கூடியவர்கள். 18 என்றோ 21 என்றோ வந்திருந்தால் நாம் ஆச்சரியப்பட்டிருக்கப்போவதில்லை. ஆனால் பள்ளம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆண்டுக்கணக்கில் உயிரைப் பணயம் வைத்துச் சரியாகப் பிடித்துப் பழகிய சத்தத்தின் அளவை ஒருவன் எளிதில் மறப்பானா? தராசு இல்லாமலே பொன் எடையைச் சொல்லும் ஆசாரியின் உள்ளங்கையை நாம் நம்புகிறோம்.

ஆம்னெஸ்டி 2016 ஆகஸ்டில் அந்தச் சிறையின் மாதிரியை வெளியிட்டது. 2017 பிப்ரவரியில் வந்த அடுத்த அறிக்கை, 2011 செப்டம்பருக்கும் 2015 டிசம்பருக்கும் இடையில் அங்கே 5,000 முதல் 13,000 பேர் வரை தூக்கிலிடப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. சிரிய அரசு மறுத்தது. மனித உரிமை அறிக்கைகளுக்கு இடப்பற்றாக்குறை எப்போதும் உண்டு. பெரிய எண்களுக்கு நடுவே சின்ன எண்கள் நசுங்கிப்போகும். 13,000 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 19 எங்கே நிற்கும்? அதுவும் ஓர் ஆளைக்கூடக் குறிக்காத எண். காணாமல்போன கிசுகிசுப்பைக் குறிக்கிற எண்.

அப்படி அறிக்கையில் இடம் போதாத சரக்கைத்தான் அபு ஹம்தான் கலைக்கூடத்துக்குக் கொண்டுபோனார். 2017இல் ஷார்ஜா பினாலே என்ற கலைக்காட்சியில் வைத்த படைப்பின் பெயர் 'சைத்னாயா (காணாமல்போன 19 டெசிபல்)'. பார்க்க அதிகம் ஒன்றுமில்லை. இருட்டறை, ஒலிப்பதிவுக்கூடத்தில் இருக்குமே அந்த மிக்ஸர், ஓர் ஒளிப்பெட்டி. மீதியெல்லாம் காதுக்கு.

இருட்டறை என்றதும் எனக்கு ஒரு முகச்சுளிப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை. சிறைக்கொடுமையைப் பார்வையாளர் 'அனுபவிக்கட்டும்' என்று அவர்களை இருட்டில் நிறுத்தி, நாலு அலறலைப் போட்டு, வெளியே காபி விற்கும் கலை இன்று உலகம் முழுக்க இருக்கிறது. பதற்றத்தைத் தயாரித்து விற்பது எளிது. திகில்பட ஒலியமைப்பாளரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். இங்கே அபு ஹம்தான் அதைச் செய்யவில்லை. அலறலை வைத்து மிரட்டாமல், சத்தம் இறங்குவதன் மீது காதைத் திருப்பிவிடுகிறார். கேட்கிறவர் தாமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு உற்றுக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த உற்றுக்கேட்டல்தான் படைப்பு. பக்கத்தில் நிற்பவர் இருமினால்கூட எரிச்சல் வரும். அந்த எரிச்சலில் கொஞ்சம் பயமும் கலந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கலாம்.

2018 செப்டம்பரில் கிசுகிசுப்பு லண்டனுக்கு வந்தது. சிசன்ஹேல் கலைக்கூடத்தில் நடந்த காட்சிக்கு, காதால் கேட்ட சாட்சிகளின் அரங்கம் என்று பொருள்படும் பெயர். இந்த முறை துணைக்கு 95 பொருட்கள். கதை இப்படி: இஸ்தான்புல் விசாரணைக்குப் போனபோது அபு ஹம்தான் பிபிசி, ஹாலிவுட் நிறுவனங்களின் ஒலிக் களஞ்சியங்களைக் கைவசம் வைத்திருந்தார். தேங்காய்ச் சிரட்டை இரண்டைத் தட்டினால் குதிரை ஓடுமே, அந்த உலகம். சாட்சிகளிடம் போட்டுக் காட்டியபோது பெரும்பாலும் பொருந்தவில்லை. சினிமாக் கதவு சிறைக்கதவு போல ஒலிக்கவில்லை. அவர்கள் மனத்திலிருந்த ஓசைகளுக்கு வேறு உவமைகள் தேவைப்பட்டன. உலகெங்கும் நீதிமன்றங்களில் ஓசையை விவரிக்கத் திணறிய சாட்சிகளின் உவமைகளையும் திரட்டினார். கட்டடம் சரிந்த ஓசை சோளப்பொரி வெடித்ததுபோல இருந்தது என்று ஒரு சாட்சி. துப்பாக்கி வெடித்தது தட்டு அடுக்கு கீழே விழுந்ததுபோல இருந்தது என்று இன்னொருவர். அதனால் சோளப்பொரி இயந்திரமும் தட்டு அடுக்கும் காட்சியில் நின்றன.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு தனிச்சுவை உண்டு என்று நினைக்கிறேன். கட்டடம் சரிந்ததைச் சொல்ல நமக்குப் பொரி வேண்டாம். 'மடமட'வென்று சரிந்தது என்போம். கதவு 'தடதட', நெஞ்சு 'படபட', சருகு 'சரசர'. ஓசையைக் குறிக்கவென்றே ஒரு சொற்கூட்டத்தை வைத்துக்கொண்டு, அதற்கு இரட்டைக்கிளவி என்று இலக்கணமும் எழுதி, பிரித்தால் பொருள் தராது என்று விதியும் போட்டிருக்கிறோம். நம்மூர் நீதிமன்றத்தில் சாட்சி 'டம் டம்முனு ரெண்டு வாட்டி கேட்டுதுங்க' என்று சொல்வார். அது ஆங்கிலத்தில் பதிவாகும்போது 'இரண்டு வெடியோசைகள்' என்று தட்டையாகிப்போகும். 'டம்'முக்கும் 'டுமீல்'லுக்கும் 'பட்'டுக்கும் உள்ள வேறுபாட்டில் ஒருவேளை ஒரு ஆளின் தலைவிதியே இருக்கலாம்.

மிகைப்படுத்தவில்லை. அதே ஆண்டு அபு ஹம்தான் எடுத்த 20 நிமிடப் படம் 'வால்ட் அன்வால்ட்'. முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் வானொலி நிலையமான பெர்லின் ஃபுங்க்ஹவுஸில் படமாக்கியது. கண்ணாடிக்கு அப்பால் நின்று அவர் பேசிக்கொண்டே இருக்கிறார். சுவர் தாண்டிக் கேட்டதையும் உணர்ந்ததையும் சாட்சியாகக் கொண்ட வழக்குகள் ஒவ்வொன்றாக வருகின்றன. அதில் ஒன்று தென்னாப்பிரிக்க ஓட்ட வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் வழக்கு. 2013 பிப்ரவரி 14 விடியுமுன், பூட்டிய கழிப்பறைக் கதவு வழியாக நாலு முறை சுட்டதில் அவருடைய தோழி ரீவா ஸ்டீன்காம்ப் இறந்தார். பிறகு அதே கதவை அவர் கிரிக்கெட் மட்டையால் உடைத்தார். இருட்டில் தூக்கம் கலைந்த அக்கம்பக்கத்தார் கேட்டவை அலறலும், 'பட் பட்' ஓசைகளும். எந்த ஓசை துப்பாக்கி, எந்த ஓசை கிரிக்கெட் மட்டை? அலறல் எதற்கு முன்னால், எதற்குப் பின்னால்? நீதிமன்றத்தில் நாள் கணக்காக இதைத்தான் தோண்டினார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு மட்டையின் ஓசை தெரியும் என்று தோன்றும். ஓடு பாவிய வீட்டில், நடு இரவில், நூறு அடி தள்ளித் தெரியுமா?

அந்தப் படத்திலும் சைத்னாயா வருகிறது. சுவர் காக்கும் என்று நினைத்துக் கட்டுகிறோம். அங்கே சுவர் அடியைக் கடத்தும் கருவியாக வேலைசெய்தது. படத்தில் அபு ஹம்தானின் குரல் உரக்க ஒலிக்கிறது, தாளம் தட்டி ஒலிக்கிறது. எனக்கு இது கொஞ்சம் உறுத்தல். கிசுகிசுப்பின் கதையைச் சொல்ல இவ்வளவு நல்ல மைக்கும் இவ்வளவு நல்ல உச்சரிப்பும் வேண்டுமா? 95 பொருட்களையும்விட, இந்தப் படத்தையும்விட, ஷார்ஜா இருட்டறையில் ஒலித்ததுதான் கிசுகிசுப்புக்கு நியாயம் செய்தது என்பது என் கட்சி. பொருளைக் கண்டதும் கண் வேலையைத் தொடங்கிவிடுகிறது. காது பின்னுக்குப் போய்விடுகிறது.

2019இல் இங்கிலாந்தின் மார்கேட் கடற்கரை நகரில், பிரிட்டனின் கலைப்பரிசான டர்னர் பரிசுக்கான காட்சி. பரிசுக்கு நிறுத்தப்பட்ட நாலு பேர் அபு ஹம்தான், ஹெலன் காமக், ஆஸ்கர் முரில்லோ, டாய் ஷானி. எங்களில் ஒருவரைப் பிரித்து எடுக்காதீர்கள் என்று நால்வரும் நடுவர்களுக்கு ஒன்றாகக் கடிதம் எழுதினார்கள். டிசம்பர் 3ஆம் தேதி 40,000 பவுண்டு பரிசு நால்வருக்கும் பொதுவாகப் போனது. செய்தித்தாள்கள் அந்தக் கூட்டு முடிவைப் பற்றியே எழுதின. கிசுகிசுப்பைப் பற்றி எழுதியது குறைவு. சைத்னாயாவில் தூக்கு நின்றுவிட்டதா? பரிசுச் செய்தி உள்ளே போயிருக்க வழியில்லை. கலையால் ஒரு கதவும் திறக்கவில்லை என்று யாராவது சொன்னால் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. 2023இல் அபு ஹம்தான் இயர்ஷாட் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து வழக்குகளுக்கும் பத்திரிகைப் புலனாய்வுக்கும் ஆதாரம் திரட்டும் வேலை. கலைக்கூடம் மட்டும் போதாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்கள் ஒரு சோதனை செய்துபார்க்கலாம். கைப்பேசியில் டெசிபல் காட்டும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வீட்டில் ஒருவர் காதருகே ஏதாவது கிசுகிசுத்துப் பாருங்கள். முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதிலிருந்து பத்தொன்பதைக் குறைக்கப் பாருங்கள். என்னால் முடியவில்லை. சொல் உடைந்து மூச்சாகிவிட்டது. எதிரில் இருப்பவர் 'என்ன?' என்று கேட்டார், அதுவும் சாதாரணக் குரலில். அங்கே அந்த 'என்ன?' எவ்வளவு ஆபத்தான கேள்வி.

கதவு திறந்தது 2024 டிசம்பர் 8 அன்று. அசாத் நாட்டைவிட்டு ஓடினார். கிளர்ச்சிப் படையினர் சைத்னாயாவின் பூட்டுகளை உடைத்தார்கள். செய்தி பரவியதும் டமாஸ்கஸிலிருந்து மலையேறும் சாலை முழுக்க வண்டிகள். மகனை, அண்ணனை, கணவனைத் தேடி வந்தவர்கள். பெயர்ப் பதிவேடுகளும் காகிதங்களும் தரையில் இறைந்து கிடந்தன; கைப்பேசி விளக்கில் குனிந்து படித்தார்கள். வெளியே வந்தவர்கள் தொகை தேடி வந்தவர்களுக்குப் போதவில்லை. அப்படியானால் இன்னும் கீழே இருக்கவேண்டும். பூமிக்கடியில் மறைவான தளங்கள் இருக்கின்றன, அங்கே ஆட்கள் மூச்சுக்குத் திணறுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. கடப்பாரையால் தரையை உடைத்தார்கள், சுவரை உடைத்தார்கள். 'வெள்ளைத் தலைக்கவசம்' என்று அறியப்பட்ட மீட்புப் படையினர் மோப்ப நாய்களோடு வந்து ஒவ்வொரு மூலையாகத் தேடினார்கள்.

சைத்னாயாவிலிருந்து தப்பியவர்கள் 2017இலேயே ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். அவர்கள் அறிக்கை விட்டார்கள்: நிலத்தடியில் யாரும் அடைபட்டிருக்கவில்லை, 8ஆம் தேதி முற்பகலிலேயே கடைசிக் கைதியும் வெளியேறிவிட்டார். தேடியவர்கள் அதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஓரிரு நாளில் மீட்புப் படையினரும் தேடுதலை முடித்துக்கொண்டார்கள். மறைவான அறை எதுவும் கிடைக்கவில்லை.